விமானிக்கு அச்சம் குற்றமா?

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் பைக்காராவைத் தாண்டுகிறவர்களுக்கு அது படகுத்துறையும் அருவியும். கொஞ்சம் வரலாறு தெரிந்தவர்களுக்கு 1932இல் மின்சாரம் தரத் தொடங்கிய நீர்மின் திட்டம். நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களுக்கு அது தெய்வத்தன்மை உள்ள ஆறு. அதைக் கடக்கும்போது போர்வைக்குள்ளிருந்து வலக்கையை வெளியே எடுத்து மரியாதை காட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்ததையும், இறந்தவர்கள் மேற்கே உள்ள மறு உலகுக்கு நடந்து போகிறார்கள் என்ற அவர்களுடைய நம்பிக்கையையும் எழுதி வைத்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1901–02இல் நீலகிரியில் தங்கி, 1906இல் தோடர்களைப் பற்றி எழுநூறு பக்கங்களைத் தாண்டிய நூலை வெளியிட்டார். மானிடவியல் படிப்பவர்களுக்கு இதுவரை தெரியும். அவர் பிற்பாடு செய்த வேலை தமிழ்நாட்டில் அதிகம் பேசப்படாதது. முதல் உலகப் போரில் மனம் உடைந்த அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தின் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சிகிச்சை அளித்த ரிவர்ஸ், 1917இன் பிற்பகுதியில் லண்டன் ஹாம்ஸ்டெட்டில் ராயல் ஃப்ளையிங் கோர் என்ற பிரிட்டிஷ் விமானப்படையின் உளவியலாளராகச் சேர்ந்தார். பைக்காராக் கரையில் மந்து என்னும் தோடர் குடியிருப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ச் சடங்குகளைக் கேட்டு எழுதிய அதே மனிதர், உலகின் முதல் தலைமுறைப் போர் விமானிகளின் பதற்றத்தைக் கேட்டு எழுத உட்கார்ந்தார். உடல்தகுதிக்கும் அச்சத்துக்கும் என்ன உறவு என்ற பழைய கேள்வியை இன்று கேட்கிறவர்கள் அவரிடமிருந்து தொடங்கலாம்.

கேள்வி இதுதான். போர் விமானியாகப் பயிற்சி பெற வருகிற இளைஞனையோ இளம்பெண்ணையோ ஓடவைத்து, கயிறு ஏறவைத்து, எடை தூக்கவைத்து உரமேற்றுகிறோம். உரமேறிய உடலில் பதற்றம் தங்காது என்று நம்புகிறோம். பதற்றம் மிஞ்சி நின்றால், அதை அந்த ஆளின் குறையாக எண்ணுகிறோம். இந்த எண்ணத்தின் அடியில் ஒரு தத்துவம் ஒளிந்திருக்கிறது. அச்சம் என்பது மனத்தின் அழுக்கு, வியர்வையோடு வெளியேற்றிவிடக் கூடியது, வெளியேறாவிட்டால் அது குணத்தின் கோளாறு என்பதே அந்தத் தத்துவம். அது தவறு என்பதும், தவறாக இருப்பதோடு ஆபத்தானது என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

ரிவர்ஸ் இதை நேரடியாக ஆராய்ந்தார். 1918இல் போர் நரம்புக் கோளாறுகளையும் ராணுவப் பயிற்சியையும் பற்றி எழுதிய கட்டுரையில், சாதாரணச் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் வருகிற நோய் வேறு வேறாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். சிப்பாய்க்குக் கை முடங்கியது, பேச்சு நின்றது. அதிகாரிக்குத் தூக்கம் போனது, கெட்ட கனவு வந்தது, ஓயாத பதற்றம் பிடித்தது. காரணத்தை அவர் பள்ளிக்கூடத்தில் தேடினார். அதிகாரிகள் படித்த ஆங்கிலேயப் பெரும்பள்ளிகளில் பந்தாட்டமும் போட்டியும் பாடத்தின் பெரும்பகுதி. அந்த விளையாட்டுகள் எல்லாம் அச்சத்தை முகத்தில் காட்டாமல் நிற்கப் பையனைப் பழக்கின. பழக்கம் பலித்தது, அவர்கள் துணிச்சலான அதிகாரிகள் ஆனார்கள். ஆனால் போர் மாதக்கணக்கில் நீண்டபோது, தனக்குக் கீழே உள்ளவர்களின் உயிருக்குப் பொறுப்பும் சேர்ந்தபோது, அடக்கி வைத்தது வேறு வாசல் வழியாக வெளியே வந்தது. கவனிக்க வேண்டியது, இவர்கள் உடல்தகுதி இல்லாதவர்கள் அல்லர். படையிலேயே நன்றாக விளையாடியவர்கள், நன்றாக ஓடியவர்கள். பதற்ற நோய் அவர்களைத்தான் தேடி வந்தது.

அப்படியானால் உடற்பயிற்சியால் பயனில்லையா என்று கேட்பது நியாயம். பயன் உண்டு, அதை மறுத்தால் சான்றுக்கு எதிராகப் பேசுவதாகும். ஒழுங்காக உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் பதற்றம் குறைவாக இருப்பதைப் பல பத்தாண்டுகளாக ஆய்வுகள் காட்டி வருகின்றன. தூக்கம் சீராகிறது, உடலின் இறுக்கம் தளர்கிறது. இதைவிட நுட்பமான ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. மலைச்சரிவில் ஓடும்போது இதயம் படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, வியர்க்கிறது. அச்சம் வந்தாலும் இதே மூன்றும்தான் வரும். ஆபத்து ஏதும் இல்லாத நேரத்தில் இந்த அறிகுறிகளோடு தினமும் பழகிய ஒருவருக்கு, நெஞ்சு படபடப்பதே ஒரு பேரிடர் என்ற எண்ணம் மெல்லக் கழன்றுபோகிறது. படபடப்பு நிற்கவில்லை, அதன் பொருள் மாறியிருக்கிறது. உடற்பயிற்சி பதற்றத்துக்கு மருந்தாவது பெரும்பாலும் இந்த வழியில்தான் என்றால், நம் வழக்கமான விளக்கம் தலைகீழாகிறது. உடல்தகுதி அச்சத்தை விரட்டுவதில்லை. அச்சத்தின் உடல் வடிவத்தோடு அறிமுகம் செய்து வைக்கிறது.

உடல்தகுதியின் எல்லைக்கு விமானியின் வேலையில் இன்னொரு சாட்சியும் உண்டு. எந்த உடற்பயிற்சியும் எல்லாத் தகுதியையும் தந்துவிடாது. போர் விமானம் கூர்மையாகத் திரும்பும்போது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு வரை விசை உடலை அழுத்தும். மூளையிலிருந்து ரத்தம் கீழே இறங்கும். பார்வை மங்கி நினைவு தப்பும். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி, மூச்சைக் கணக்காகப் பிடித்து விடும் உத்தியால் விமானி அதைச் சமாளிக்கிறார். இதற்குத் தசை வலிமை உதவுகிறது. நெடுந்தூர ஓட்டத்தை மட்டுமே மிகுதியாகச் செய்வது இந்த விசையைத் தாங்க உதவாது, சிலருக்குப் பாதகமாகக்கூட அமையலாம் என்று வான்பயண மருத்துவம் எச்சரிக்கிறது. மைதானத்தில் முதலில் வருகிறவர் வானத்திலும் முதலில் வருவார் என்ற உறுதி, உடலளவிலேயே இல்லை. மனத்தளவில் எப்படி இருக்கும்?

சமய நூல்கள் இந்த இடத்தில் நம் ஆள்சேர்ப்பு விளம்பரப் பலகைகளைவிட நேர்மையாக இருக்கின்றன. பகவத் கீதையின் முதல் அத்தியாயத்தில் நிற்பவன் அந்தக் காலத்தின் ஆகச் சிறந்த பயிற்சி பெற்ற வீரன். அவனுக்கு என்ன நேர்கிறது என்பதை நூல் உடல் உறுப்புகளின் பட்டியலாகவே தருகிறது. கைகால் சோர்கிறது, வாய் உலர்கிறது, உடல் நடுங்குகிறது, மயிர் சிலிர்க்கிறது, வில் கையிலிருந்து நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. இன்றைய மனநல மருத்துவர் பதற்றத் தாக்குதலுக்கு எழுதும் குறிப்பில் இதில் பெரும்பாலானவை இருக்கும். அருச்சுனனைத் தாக்கியது தன் உயிர் பற்றிய பயம் அல்ல, உறவினரைக் கொல்ல நேரும் துயரம் என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனாலும் துரோணரிடம் பெற்ற பயிற்சி அந்த நடுக்கத்தை நிறுத்தவில்லை என்பது அப்படியே நிற்கிறது. அடுத்து நடப்பது இன்னும் முக்கியம். இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கண்ணன் அவனைக் கடிந்து பேசுகிறான். பேடித்தனத்துக்கு இடம் கொடாதே என்கிறான். கடிந்ததால் பலன் இல்லை. அருச்சுனன் போர் செய்ய மாட்டேன் என்று சொல்லி மௌனமாகிறான். அதற்குப் பிறகுதான் உபதேசம் தொடங்குகிறது. பதினெட்டாம் அத்தியாயம் வரை நீள்கிறது. நடுங்கும் வீரனைத் திட்டிப் பார்த்த ஆசிரியன், அது தோற்றதும் உட்கார்ந்து பேசுகிறான். தேரிலிருந்து இறக்கிவிடவில்லை. பயிற்றுநர்கள் அனைவரும் இந்தக் காட்சியை அதன் வரிசை மாறாமல் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பதஞ்சலியும் இதையே வேறு கோணத்தில் சொல்கிறார். மனம் சிதறும்போது கூடவே வருபவற்றைக் கணக்கிடுகையில் அவர் உடல் நடுக்கத்தையும் சீரற்ற மூச்சையும் சேர்க்கிறார். உயிர் மீதான பற்று கற்றறிந்தவரிடமும் ஊறிக்கொண்டிருக்கும் என்கிறார். யோக மரபே அச்சத்தை அறியாமையின் விளைவு என்று சொன்னாலும், அறிவாளிக்கு அது இல்லை என்று பொய் சொல்லவில்லை. திருவள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பதைப் பேதைமையில் சேர்த்தார். அஞ்சத் தெரிவதை அறிவாளியின் வேலையாக வைத்தார். எரிபொருள் குறைவதை, மேகம் திரள்வதைக் கண்டு அஞ்சத் தெரியாத விமானியோடு யாரும் பறக்க விரும்ப மாட்டார்கள்.

ஆனால் இதே மரபு அச்சமின்மையையும் உச்சத்தில் வைக்கிறதே என்பது வலுவான மறுப்பு. கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வ குணங்களை எண்ணும்போது முதலில் வைப்பது அபயத்தை. சைவத்தில் அப்பரைவிட அஞ்சாமைக்கு வேறு உதாரணம் தேவையில்லை. நீற்றறையில் இட்டார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது, அவர் அஞ்சவில்லை. இந்த மறுப்பை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் அப்பர் எந்த வழியாக அங்கே வந்தார் என்று பாருங்கள். சூலை நோயில் துடித்து, வலி தாங்காமல், தமக்கையிடம் வந்து விழுந்தவர் அவர். தன் உடல் தன்னைக் கைவிட்டதை மறைக்காமல் சொன்ன இடத்திலிருந்து அந்த அஞ்சாமை முளைத்தது. நடராசரின் ஒரு கை அபயம் காட்டுகிறது. அஞ்சாதே என்று சொல்லும் கை அஞ்சுகிறவனைப் பார்த்துத்தான் நீட்டப்படும். அஞ்சாதவனுக்கு அந்தக் கை தேவையில்லை. அபயம் ஒருவர் இன்னொருவருக்கு அளிப்பது. தனியாக மைதானத்தைச் சுற்றி ஓடி ஈட்டிக்கொள்ளும் சொத்தாக நம் மரபு அதை எங்கும் காட்டவில்லை.

இங்கே தோடர்களிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற பக்கம், தலைகுந்தா அருகில் உள்ள முத்தநாடு மந்தில் ஆண்டுதோறும் நடக்கும் மொற்பர்த் விழாவில் இளைஞர்கள் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். நம் தென்மாவட்ட ஊர்களிலும் கல் தூக்கி வலிமையைக் காட்டும் பழக்கம் இருந்தது. இது அளக்கும் சடங்கு. கல் உயர்ந்ததா இல்லையா என்று எல்லோருக்கும் தெரியும். தோடர்களிடம் இன்னொரு சடங்கும் இருந்தது. ரிவர்ஸ் அதை விரிவாக எழுதியிருக்கிறார். இறப்புச் சடங்கில், மிரண்டு ஓடும் எருமையை இளைஞர்கள் வெறுங்கையோடு துரத்தி, கொம்பையும் கழுத்தையும் பிடித்துத் தொங்கி அடக்குவார்கள். நீலகிரி எருமையின் கொம்பைப் பார்த்தவர்களுக்கு அதன் அருகே போக என்ன வேண்டும் என்பது புரியும். கல் தூக்குவதில் ஒருவன் தன் வலிமையை நிறுவுகிறான். எருமை பிடிப்பதில் பலர் சேர்ந்து, சாவின் முன்னிலையில், ஓர் ஆபத்தின் மேல் கை வைக்கிறார்கள். அச்சத்துக்குச் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது. பக்கத்தில் இன்னொரு கை இருக்கிறது.

ஹாம்ஸ்டெட்டில் ரிவர்ஸ் கண்டதும் இதற்கு நெருக்கமானது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என் வாசிப்பு. ஆனால் அவருடைய அவதானிப்பு தெளிவாக இருக்கிறது. விமானத்தைத் தானே ஓட்டியவர்களைவிட, தரையோடு கட்டிய பலூனில் உட்கார்ந்து எதிரியை நோட்டமிட்டவர்களிடம் நரம்புக் கோளாறு கடுமையாக இருந்தது. விமானியின் வேலையும் உயிருக்கு ஆபத்தானதுதான். ஆனால் அவர் கையில் கட்டுப்பாடு இருந்தது, ஆபத்து நெருங்கும்போது செய்ய ஏதோ ஒன்று இருந்தது. பலூனில் இருந்தவர் குண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஆபத்தின் முன் கையால் செய்யும் வேலை அச்சத்துக்கு இயல்பான மாற்று என்ற முடிவுக்கு ரிவர்ஸ் வந்தார். அவர் விமானத்தில் ஏறிப் பறந்தும் பார்த்தவர். அறையிலிருந்து மட்டும் பேசவில்லை. உடல்தகுதியின் உண்மையான இடம் இதில் விளங்குகிறது. உடல் தயாராக இருந்தால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். அதற்காக உடலை வளர்க்க வேண்டும். அச்சம் இல்லாததற்குச் சான்றிதழாக அந்த உடலைக் காட்டச் சொல்வது வேறு விஷயம்.

1960களில் ஃபென்ஸ், எப்ஸ்டைன் என்ற இரு ஆய்வாளர்கள் பாராசூட்டில் குதிப்பவர்களின் இதயத்துடிப்பையும் மூச்சையும் அளந்தார்கள். புதியவர்களுக்குத் துடிப்பு விமானம் ஏறியது முதல் குதிக்கும் கணம் வரை ஏறிக்கொண்டே போனது. அனுபவசாலிகளுக்கும் ஏறியது, ஆனால் முன்னதாகவே உச்சத்தைத் தொட்டு, குதிக்கும் நேரத்துக்குள் இறங்கிவிட்டது. பழகியவர் அச்சத்தை இழக்கவில்லை, அதை முன்கூட்டியே பட்டு முடிக்கக் கற்றிருந்தார். இதை யாரும் ஒரு நாளில் கற்பதில்லை. குதித்துக் குதித்து, அஞ்சி அஞ்சிக் கற்பது. நடுங்குகிறான் என்பதற்காக முதல் வாரத்திலேயே ஒருவனை விலக்கினால், அனுபவசாலி ஒருவரையும் உருவாக்க முடியாது.

வானத்தில் உடல் பொய்யும் சொல்லும். மேகத்துக்குள் நுழைந்து தொடுவானம் மறைந்ததும், உள்காதில் உள்ள சமநிலை உறுப்பு விமானம் நேராகப் போவதாகச் சொல்லும், விமானம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். இதற்குத் திசைமயக்கம் என்று பெயர். நீலகிரிக்கு இது புத்தக விஷயமாக இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து வெலிங்டன் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரிக்கு வந்த எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த பதினான்கு பேரும் உயிரிழந்தார்கள். வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததால் விமானிக்குத் திசைமயக்கம் ஏற்பட்டது என்று முப்படை விசாரணைக் குழுவின் முதற்கட்ட முடிவு சொன்னது. அனுபவமும் உடல்தகுதியும் மிக்கவர்கள் ஓட்டிய ஹெலிகாப்டர் அது. அவர்களைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. உடலின் உறுதியான உணர்வும் உண்மையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடக் கனத்த சாட்சி இந்த மலையில் இல்லை. அதனால்தான் பயிற்சி விமானிக்கு, உன் உடல் சொல்வதைக் கேள், ஆனால் கருவியைப் பார்த்து முடிவு செய் என்று கற்பிக்கிறார்கள். அச்சத்துக்கும் அதே பாடம் பொருந்தும். படபடப்புக்கு உடனே கீழ்ப்படியவும் வேண்டாம், அதை இல்லை என்று மறைக்கவும் வேண்டாம். அதை ஒரு செய்தியாகப் படித்து, சரிபார்த்து, செயல்பட வேண்டும். மறைக்கப் பழகியவருக்கு இந்தப் படிப்பு வராது.

ராணுவத்திலிருந்து வரும் மறுப்பு இதுதான்: இது தத்துவ வகுப்பு அல்ல, பதற்றத்தில் உறைந்துபோகும் ஒருவர் கோடிக்கணக்கான ரூபாய் விமானத்தையும் சக விமானியையும் இழக்க வைப்பார், ஆகவே கறாராக வடிகட்டத்தான் வேண்டும். வடிகட்ட வேண்டும் என்பதை ஏற்கிறேன். இந்திய விமானப்படையின் விமானித் திறன் தேர்வை நெடுங்காலமாக வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடிந்தது. அந்தக் கறாருக்குக் காரணம் உண்டு. உறைந்துபோகிறவரைப் பறக்க விடக் கூடாது. ஆனால் உறைவதையும் அஞ்சுவதையும் ஒன்றாக்கும்போது வடிகட்டி தவறானவர்களைப் பிடிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படை 1940இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, மருத்துவக் காரணமின்றிப் பறக்க முடியாமல் போனவர்களின் ஆவணத்தில் மன உறுதி இல்லாதவர் என்று பொருள்படும் மூன்றெழுத்து முத்திரை விழுந்தது. பல முறை எதிரி வானில் பறந்து திரும்பியவர்களுக்கும் அந்த அவமானம் நேர்ந்தது. அவமானத்துக்குப் பயந்து வாயை மூடியவர்கள் அச்சத்தோடு மேலும் பறந்தார்கள். இது பழங்கதையும் அல்ல. அமெரிக்க விமானிகளிடம் நடத்தி 2022இல் வெளியான ஓர் ஆய்வில், பறக்கும் தகுதிச் சான்று போய்விடும் என்ற கவலையால் மருத்துவரைத் தவிர்ப்பதாகவோ உண்மையை முழுதும் சொல்லாமல் விடுவதாகவோ பாதிக்கு மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். சொன்னால் தண்டனை என்று வைத்தால், பதற்றம் குறைவதில்லை. அது மருத்துவரின் பார்வையிலிருந்து மறைகிறது, அவ்வளவுதான். கறாரான வடிகட்டி வேண்டும் என்று கேட்கிறவர்களே இதற்கு முதலில் கவலைப்பட வேண்டும்.

குன்னூர் விபத்தில் உயிரோடு மீட்கப்பட்டு, ஒரு வாரம் கழித்து டிசம்பர் 15 அன்று பெங்களூரில் இறந்தவர் குரூப் கேப்டன் வருண் சிங். வெலிங்டன் கல்லூரியில் பயிற்றுநர். 2020 அக்டோபர் 12 அன்று அவர் ஓட்டிய தேஜஸ் விமானத்தில் மிக உயரத்தில் அழுத்தக் கட்டுப்பாடு பழுதாகி, பிறகு பறத்தல் கட்டுப்பாட்டு அமைப்பும் பழுதானபோது, குதித்துத் தப்பும் வாய்ப்பு இருந்தும் விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கினார். சௌர்ய சக்ரா விருது கிடைத்தது. விருதுக்குப் பிறகு, 2021 செப்டம்பரில், தான் படித்த பள்ளியின் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினார். படிப்பில் மட்டுமின்றி விளையாட்டிலும் தான் சராசரிதான் என்றும், விமானப்படை அகாடமிக்குப் போன பிறகும் தன் திறமையில் தனக்கு நம்பிக்கை இருக்கவில்லை என்றும் அதில் சொல்லியிருக்கிறார். மாணவர்களுக்குப் படித்துக் காட்டுவதற்காக எழுதிய கடிதம் அது. மைதானத்தில் முதலிடம் பெறாத, தன்னை நம்பத் தயங்கிய பயிற்சி விமானி ஒருவர், உயிர் போகும் கணத்தில் கையை வேலையிலிருந்து எடுக்காத விமானியாக ஆனார். அவரைத் தொடக்கத்திலேயே யாரும் கைவிடவில்லை என்பதால் அந்த விமானமும் தப்பியது.

தாம்பரத்தில் விமானப் பயிற்றுநர் பள்ளி இருக்கிறது. பறக்கக் கற்றுத் தருகிறவர்கள் கற்றுக்கொள்ளும் இடம். அரக்கோணத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அங்கே கற்பிப்பவர்களிடமும், தேர்வுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரிடமும் வேண்டிக் கேட்பது ஒன்றுதான். காலை ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம். அந்த ஓட்டம் எதற்கு என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். நெஞ்சு படபடக்கிறது, இரவில் தூக்கம் வரவில்லை என்று ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ வந்து சொன்னால், அப்படிச் சொன்னதை அவர்களுக்கு எதிரான பதிவாக ஆக்காதீர்கள். பறக்கும் திறனை வானத்தில் சோதித்து முடிவு செய்யுங்கள். அச்சத்தை வாய்விட்டுச் சொன்னதற்காக ஒருவரையும் தள்ளாதீர்கள்.